ட்யூப்லைட் சொல்லும் சாட்சி

எலப்புள்ளியிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சாட்சிக்கு ஆளே வேண்டாம் புள்ள. நம்ம மோட்டார் ரூம் ட்யூப்லைட்டே போதும்.”

“லைட்டு வந்து போலீஸ்ல பேசுமாக்குங்க?”

“பேசும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் எருமை நம்ம வெள்ளாமையில மேஞ்சத அந்த லைட்டு வெளிச்சத்துல வீடியோ எடுத்தனல்ல? அது போன வருசத்து வீடியோன்னு சாதிக்கறான். உன்ற தம்பிதான் சொன்னான், கரண்டுல எரியற லைட்டு கண்ணுக்குத் தெரியாம துடிச்சுட்டே இருக்குமாம். அந்தத் துடிப்பு நேரத்துக்கு நேரம் துளி மாறுமாம். வீடியோவுல அது பதிஞ்சிருக்கும். கரண்டு ஆபீஸ் பதிவோட ஒத்துப் பாத்தா எடுத்த நாளே தெரிஞ்சுருமாம்.”

“அப்ப நம்ம வீடியோ கரண்டு ஆபீஸுக்குப் போகுமுங்களா?”

“பின்னே?”

“ஏனுங்க, அந்த லைட்டுக்கு நீங்க போஸ்ட்டுல கொக்கி போட்டுத்தானுங்களே கரண்டு எடுத்தீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பைக் கூவினார். இருவரும் எழவில்லை. பஸ் கிளம்பி ஸ்டேஷனைத் தாண்டிய பிறகுதான் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“எருமை வாயில்லாச் சீவன் புள்ள. பசிச்சுருக்கும், தின்னுருக்கும்.”

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாலக்காடு வரை குலுங்கிக்கொண்டே வந்தார்.