பொற்கோயிலில் தேய்த்த தட்டு

வைட்ஃபீல்ட் போகிற மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே அலுவலகத்தின் அட்டை. மூத்தவர் தன் கைபேசியை இளையவளிடம் நீட்டினார்.

“அமிர்தசரஸ் வரைக்கும் போயி எச்சி தட்டு தேய்ச்சுட்டு வந்திருக்கா என் ஓரகத்தி. பாரு.”

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

“பொற்கோயிலாக்கா? தலைல முக்காடெல்லாம் போட்டு நல்லாதானே இருக்காங்க.”

“நல்லாதான் இருப்பா. வீட்ல ஒரு டம்ளர் கழுவினது கிடையாது.”

“அங்க அது சேவைக்கா. வர்றவங்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவாங்க. பாத்திரத்த பக்தருங்களே தேய்ப்பாங்க.”

“தெரியும். பக்கத்துல நின்னு தேய்க்கிறது யாரு? அவ புருஷன், என் கொழுந்தனார். சாப்பிட்ட தட்ட அப்படியே விட்டுட்டு எந்திரிக்கிறவரு. எங்க மாமியார் இதப் பாத்து கண்ணு கலங்கிட்டாங்க. அபார்ட்மெண்ட் பூரா காட்டிட்டு வந்தாங்க.”

இளையவள் அடுத்த படத்துக்குப் போனாள்.

“குளத்துல கோயில் அப்படியே தெரியுதுக்கா.”

“அதப் பாத்தாதான் வயிறு எரியுது. தினம் அவ ஸ்டேட்டஸ எடுத்து பாக்கறேன். பாக்காம இருக்க முடியல.”

“அல்வா பிரசாதம் கொண்டாந்தாங்களா?”

“கொண்டாந்தா. ஒரே நெய். டப்பாவ கழுவினது நான்தான்.”

“நீங்களும் ஒருவாட்டி போயிட்டு வாங்கக்கா.”

அவர் கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“மாமியார்கிட்ட கேட்டேனே. நீ போயிட்டா இங்க பாத்திரம் யாரு தேய்க்கிறதுங்கறாங்க.”