கழுத்துப்பட்டை போட்ட ராபின்

...இல்லம்மா, புல்லு நாசமாப் போனதுகூடப் பெருசில்ல. ட்யூலிப் பாத்திக்கு நடுவுல கேமரா முக்காலியை ஊணிட்டான் ஒருத்தன், அதைத்தான் சொல்றேன். இந்தாங்க, கேக்கை வாங்கிக்கங்க. புதுசாக் குடிவந்தவங்களைப் பாக்க வெறுங்கையோட வரலாமா? நான் ஆர்லீன், பக்கத்து நீலக் கதவு வீடு.

எதுல விட்டேன்... ஆங், ராபின் குருவி. இந்த ஒஹாயோவுல எந்தத் தோட்டத்துலதான் ராபின் புழு இழுக்கல, எவன் திரும்பிப் பாக்குறான்? ஆனா நம்மாளு வேற. நெஞ்சு செங்கல் நிறம், முதுகு சாம்பல், எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். கழுத்தைச் சுத்தி மட்டும் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளை. பாதிரியாருங்க கழுத்துப்பட்டை மாதிரியே இருக்கும், அதான் பாதிரியார்னு பேரு வச்சேன். வீட்டுக்காரர் தவறுன வருஷம் வந்துச்சு. நாலு வசந்தமா, நான் காப்பியோட உக்காந்தா அதுவும் வேலியில வந்து உக்காரும். கோயில் பாதிரியாரைவிட இது தேவலை, பிரசங்கத்தைச் சுருக்கமா முடிச்சுக்கும்.

இந்த வருஷம் பாருங்க, அதைப் படம் புடிக்கன்னு பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கிட்டு நாப்பது பேரு வந்துட்டாங்க. ஒருத்தன் சொல்றான், அது அழகு இல்லையாம், நிறமிக் குறைபாடாம். என் தோட்டத்துல நின்னுக்கிட்டு என் பறவைக்குக் குறை சொல்றான். இன்னொருத்தி போன்ல ராபின் பாட்டைப் போட்டா. போட்டிக்கு எவனோ வந்துட்டான்னு பாதிரியார் புதருக்குப் புதர் சண்டைக்கு அலையுது. எனக்குப் பொறுக்கல, தண்ணிக் குழாயை எடுத்து எல்லார் மேலயும் பீச்சிட்டேன். அவங்க மழைக்கோட்டு போட்டிருந்தாங்கம்மா. அசையல. பாதிரியார்தான் பறந்துபோச்சு. ஒம்பது நாளாச்சு.

அட்ரஸா? அட்ரஸ் யாரு குடுத்தான்னா... நான்தான். எதிர்வீட்டு லவர்ன் இருக்காளே, செவப்பா இருக்கவேண்டிய கார்டினல் குருவி அவ வீட்டுக்கு மஞ்சளா வந்துச்சு. ஊர்ப் பேப்பர்ல படம் வந்து, அஞ்சு பேரு தேடிவந்தாங்க. அதை வாராவாரம் கோயில்ல வச்சுச் சொல்லுவா. நானும் எண்பது படம் எடுத்தேன், எழுபத்தொம்பது வெறும் வாலு. நல்லா விழுந்த ஒண்ணை நூலகத்துப் பலகையில ஒட்டி, வீட்டு நம்பரைப் போட்டு, பின்கதவு திறந்தேயிருக்கும்னும் எழுதிவச்சேன். அவளுக்கு அஞ்சு. எனக்கு ஆறு பேரு வந்தாப் போதும்னுதான்ம்மா இருந்தேன்.

உள்ள வேலை கிடக்குதா? போங்க, போங்க. உங்க செர்ரி மரத்துல அது வந்து உக்காந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க. படம் எடுக்காதீங்க. லவர்ன் கேட்டா... என் வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிடுங்க.