வால்வில் ஒரு கூடுதல் குண்டு

— பாய்லருக்கு நெருப்பை ஏத்தச் சொன்னது யாரு பாப்பா?

— நான்தான் சித்தப்பா. பத்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு விழா. பழைய மில் இன்ஜின் ஓடுறதைப் பார்க்கத்தானே இத்தனை ஜனம் வந்திருக்கு. முப்பது வருஷமா இந்த கேட்டையே மிதிக்காத ஆளு, நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல.

— அதை விடு. அழுத்தம் காட்டுற முள்ளைப் பாரு. சிவப்புக் கோட்டைத் தாண்டி நிக்குது.

— அழுத்தம் கூடினா மேல இருக்கிற வால்வு தானா திறந்து ஆவியை விட்டுடும்னு பாய்லர் இன்ஸ்பெக்டர் சொன்னாரே. பார்த்து கையெழுத்தும் போட்டாரு.

— திறந்துச்சா?

— இல்ல.

— வால்வை அழுத்திப் பிடிக்கிற கையில ரெண்டு இரும்பு எடைக் குண்டு தொங்குது. ஒண்ணுதான் அதுக்குச் சொந்தம். ரெண்டாவதை மாட்டினது யாரு?

— நான்தான், நேத்து சாயங்காலம். பழைய ஃபோட்டோல ரெண்டு இருந்துச்சு. அச்சு அசலா இருக்கணும்னு கிடங்குல தேடி எடுத்து, துரு போகத் தேய்ச்சு மாட்டினேன்.

— இன்ஸ்பெக்டர் போன பிறகா?

— ஆமா.

— பாய்லர்காரன்கிட்ட சொன்னியா?

— மறந்தே போச்சு. நாற்காலி, மைக்குன்னு ஒரே அலைச்சல். இருங்க, ஏறிக் கழட்டிடறேன்.

— தொடாதே. இந்த அழுத்தத்துல ஒரேயடியா திறந்தா கிழட்டுத் தகடு தாங்காது. முதல்ல நெருப்பை வெளியே இழுக்கணும். பாய்லர்காரன் எங்க?

— மேடையில. கௌரவிக்கணும்னு கமிட்டிக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— நல்லா கௌரவிச்சாங்க போ. அந்த நீளக் கம்பியைக் கொடு. நீ போனைப் போட்டு ஜனத்தை ரோட்டுக்கு அனுப்பச் சொல்லு.

— மந்திரி வர்ற நேரத்துலயா சித்தப்பா? ரெண்டு வருஷமா நாய் படாத பாடு பட்டிருக்கேன்.

— முன் வரிசையில உங்கம்மா உக்காந்திருக்கா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

— ஹலோ, எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்புங்க. இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன். எங்கம்மாவைக் கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போங்க.

— தள்ளி நில்லு, தணல் தெறிக்கும். முள் என்ன சொல்லுது?

— அப்படியே நிக்குது. சித்தப்பா, பயமா இருக்கு.

— எனக்கும்தான். பார்த்துக்கிட்டே இரு.

— அசையுது. இறங்குது. கோட்டுக்குக் கீழ வந்துடுச்சு.

— அப்பாடா. உக்காரு.

— அந்த ரெண்டாவது குண்டு அந்தக் காலத்துல எதுக்குத்தான் அங்க இருந்துச்சு?

— எல்லா ஷிப்டுலயும் பண்ணினதுதான். வால்வு திறந்து ஆவி போனா தறி மந்தமாகும். மேஸ்திரி வந்து கத்துவாரு. இன்னொரு குண்டை மாட்டினா வால்வு திறக்காது, தறி பறக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு. மாட்டினவன் போறப்ப கழட்டணும், இல்லன்னா அடுத்து வர்றவன்கிட்ட சொல்லணும்.

— சொல்லலைன்னா?

— வர்றவனுக்குத் தெரியாது. மேல ஒரே இருட்டு. அப்பெல்லாம் முள்ளு பாதி நாள் ஓடாது, வால்வு சீறுற சத்தத்தை நம்பித்தான் வேலை. இதோட ஜோடி பாய்லர் அப்படித்தான் வெடிச்சுது.

— அப்பா தூங்கிட்டதாலதான் வெடிச்சுதுன்னு ரிப்போர்ட்ல இருக்கே. செத்த மத்த மூணு பேரையும் நினைவுப் பலகையில போட்டாங்க, அப்பா பேரை மட்டும் கமிட்டி போட விடல. அந்தப் பேரை ஏத்தணும்னுதான் இந்தக் கண்காட்சியையே இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்சேன்.

— உங்கப்பா தூங்கல பாப்பா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அதுக்கு முந்தின ஷிப்ட் நான்தான். குண்டை மாட்டிட்டு, அண்ணன்கிட்ட சொல்லாம வீட்டுக்குப் போயிட்டேன்.