நாலாகத் தெரிந்த நட்சத்திரம்

அவைக்குத் தலைமை தாங்கும் காசிலிங்கம் அண்ணாச்சி அவர்களே, கப்பலோடும் கரித்தூளோடும் காலம் கழிக்கும் துறைமுகத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே! உப்பு வியாபாரி பாண்டியராஜனின் உளமார்ந்த வணக்கம்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மாலை போட்டு நாம் இன்று திறந்து வைத்த இந்தத் தொலைநோக்கியை, உதவாக்கரை என்று திருப்பி அனுப்பப் பார்த்த அறிவாளி நான்தான்!

யாரங்கே சிரிப்பது? மைத்துனரா? சிரியும், உமக்கில்லாத உரிமையா?

போன பிப்ரவரி, ஏழரை மணி. நம் சங்கம் பெண்கள் பள்ளிக்கு வாங்கிய கருவியில் முதல் பார்வை எனக்கு. செயலாளர் அல்லவா! வெறும் கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்த ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்து நட்சத்திரம் ஒன்றை ஆசிரியை ஈவாஞ்சலின் காட்டினார். கண்ணை வைத்தேன். ஒன்றா தெரிந்தது? நாலு! சுற்றிலும் புகை வேறு!

"டீச்சர், கண்ணாடி போச்சு. ஒண்ணு நாலாத் தெரியுது, ஆவியும் படிஞ்சிருக்கு. நாளைக்கே பெட்டியில கட்டுங்க."

"ஐயா, அது நெசமாவே நாலுதான். சுத்தித் தெரியுற அந்தப் பொகை மேகத்துல பொறந்த பச்சப்பிள்ளைங்க. இதை அனுப்பிட்டா எங்க பிள்ளைகளுக்கு இன்னொண்ணு வராதுய்யா!"

நான் இளகினேனா? ஆணிக்கும் சுத்தியலுக்கும் ஆளனுப்பினேன்!

அப்போது மகளை அழைத்துப் போக வந்தார், துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டும் ஜேசுதாசன்.

"அண்ணாச்சி, கடல்ல தூரத்துல ஒத்த வெளக்காத் தெரியும். கிட்டப் போனா ரெண்டு கப்பல் நிக்கும். கண்ணாடியில கோளாறுன்னா எல்லாமே நாலாத்தானே தெரியணும்? அங்கன பளபளன்னு நிக்குல்லா, அதைப் பாரும்."

அவர் காட்டிய சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்தேன். ஒன்று! ஒன்றே ஒன்று! தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். சங்க வரலாற்றில் அது முதல் முறை.

பிறகுதான் ஆசிரியையிடம் பாடம் கேட்டேன். குளிர்ந்த மேகம் தன் பாரத்தாலேயே சுருங்குமாம். சுருங்கச் சுருங்கக் கட்டி கட்டியாய் உடையுமாம். கட்டிக்கொரு நட்சத்திரம்! சில நேரம் குழந்தை நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டே உடைந்து துணை பிறக்குமாம். மூன்று பேர் மிக நெருங்கினால் ஒருவரை வெளியே தள்ளிவிடுவார்களாம். சங்கத் தேர்தலை நினைக்காதீர்கள் அண்ணாச்சி, நான் வானத்தைச் சொல்கிறேன்!

பத்து லட்சம் வயதுப் பச்சிளம் குழந்தைகளைப் பழுதென்று பழித்தவன் யார்? நான்! பழியைத் துடைத்தவர் யார்? பட்டம் பெற்றவரா? பதவியில் இருப்பவரா? இல்லை! நம் கடலில் கண்ணைத் தீட்டிய நம் ஜேசுதாசன்! முத்துக்காக மூச்சடக்கி ஆழம் பார்த்த ஊர், இன்று மூச்சு விடாமல் ஆகாயம் பார்க்கிறது! நாற்பது பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இந்தப் பெருமை எந்தத் துறைமுகத்துக்கு உண்டு?

கைதட்டிய கைகளுக்கும், தட்டாமல் கொட்டாவியை மறைத்த கைகளுக்கும் நன்றி. வணக்கம்.

என்ன டீச்சர், சைகை காட்டுகிறீர்கள்? ஏலே ஷாம், மைக்கை அணைக்காதே... அப்படியா?

அன்பர்களே, அந்தச் சிரியஸும் இரண்டு நட்சத்திரமாம். கூட்டாளி மங்கல் என்பதால் நம் கருவிக்குத் தெரியவில்லையாம்.