சம்பந்தியம்மா, இதைக் கேளுங்க

நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஜெஜூரிக் கோயில் படியெல்லாம் ஏற முடியுமா? அவங்க கும்பிட்டுட்டு வரட்டும். உங்க மகனும் எங்க சுப்ரஜாவும் ஜோடியா ஏறுறதைப் பாருங்க, எவ்ளோ அழகு! டீ சொல்லட்டா? சரி, வேணாம்னா விடுங்க.

சுப்ரஜா அப்பா, அதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன், எப்பவும் இப்படித்தான். பூ வைக்க வந்தவங்களை, கெளம்புங்க, ஊர் சுத்தலாம்னு அப்படியே வண்டில ஏத்திட்டாரு. கோர்படி போர் நினைவிடத்துல பாத்தீங்கல்ல, செத்துப்போன சிப்பாய்ங்க பேருக்கு முன்னாடி வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சாரே? மிலிட்டரி டிப்போல வெறும் கிளார்க்கா இருந்தவரு. அப்புறம் சிங்ககட் கோட்டைல பிட்லா பாக்ரின்னு அந்தச் சோள ரொட்டியைச் சாப்பிடறப்போ, நேருக்கு நேர் நிக்கிறவன்தான் வீரன், முதுகுல குத்தறவன் இல்லைன்னு ஒரே முழக்கம். மாப்பிள்ளையும் கண்ணெடுக்காம கேட்டாரு. நான்தான் பாக்ரியைத் தொடாம வெச்சுட்டேன்.

இல்லையில்லை, உடம்புக்கு ஒண்ணுமில்லை. என் பொண்ணு தீபாவை நினைச்சுக்கிட்டேன். ஏன் வரலைன்னு கேட்டீங்களே, ஆபீஸ்னு நான் சொன்னது பொய். கோந்த்வா ஏரியால தனியா வீடெடுத்து இருக்கா. சொந்தக்காரங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டா.

ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்கு நிச்சயம் முடிஞ்சு பத்திரிகையும் அடிச்சாச்சு. திடீர்னு பையன் வீட்டுக்கு ஒரு போன். பொண்ணுக்கு வலிப்பு வரும், மறைக்கிறாங்கன்னு. சத்தியமா அப்படி எதுவும் இல்லைங்க. டாக்டரையே கூட்டிட்டுப் போனேன், கால்ல விழுந்தேன். கேக்கலை. தீபா பத்திரிகையெல்லாத்தையும் பால்கனில போட்டுக் கொளுத்தினா.

போன மாசம் அந்தப் பையனோட அக்கா தேடி வந்தா. அந்தப் போனைப் பதிவு பண்ணி வெச்சிருந்தாங்களாம், இப்பதான் மனசு உறுத்துச்சாம். எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லலை. அவருக்கு அண்ணன்னா உசுரு. மேல பாருங்க, அண்ணன் பையையும் சேத்துத் தூக்கிட்டு ஏறுறாரு.

இந்தாங்க, இந்தப் போன்ல இருக்கு, காதுல வெச்சுக்கங்க. நல்லா கேளுங்க.

ஆமா. சுப்ரஜா அப்பாவேதான்.

எதுக்காகவா? சுப்ரஜா பெரியவ. அவ இருக்க, தம்பி பொண்ணுக்கு மொதல்ல கல்யாணமான்னு பொறுக்கலை. வேறென்ன?

அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. சுப்ரஜா தங்கமான பொண்ணு, அவளை விட்றாதீங்க. என் பொண்ணுக்கு நடந்ததை அவளுக்கு நான் செய்வேனா? கல்யாணம் நடக்கட்டும். ஆனா அந்த மனுஷன் உங்க வாசல்ல கைகூப்பி நிக்கிறப்பல்லாம், இவங்களுக்கு எல்லாம் தெரியும்னு கூனிக் குறுகி நிக்கணும். சாகற வரைக்கும் நிக்கணும். அதுக்குத்தான் நானும் வண்டில ஏறினேன்.

கண்ணைத் தொடச்சுக்கங்க, எறங்கி வராங்க. மஞ்சளை நெத்தி முழுக்க அப்பிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வராரு பாருங்க.

போனை என்கிட்ட ஏன் நீட்டறீங்க? அவரு கையில குடுங்க, அவரு குரலை அவரே கேக்கட்டும்.