பையன் எப்படின்னு கேட்டீங்களே

இல்லிங்க ஐயா, சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. மாப்ள எப்படின்னு எதிர்வீட்ல கேட்டா தங்கமான பையன்னுதான் சொல்லுவாங்க, நாளைக்கி அவங்க மூஞ்சில முழிக்கணும் இல்ல. வேலை செய்ற எடத்துல எச்.ஆர். கிட்ட கேக்கணும்னு தோணிச்சு பாருங்க உங்களுக்கு, அதுக்காக போளூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க. இப்டி ஃபேன் கீழ உக்காருங்க. காபி சொல்லியிருக்கேன்.

எச்.ஆர்.னா பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஆளு எடுக்கறது, லீவு குடுக்கறது, மெமோ குடுக்கறது, வேணாம்னா அனுப்பறது. இந்தப் பட்டுக் கம்பெனில நூத்தி நாப்பது பேரு, அத்தினி பேருக்கும் நான் ஒருத்திதான். பேரு அனுபமா. ஊரு உங்க போளூர் பக்கத்துல திருமலைங்க. ஆமா, ஜைனருங்கதான். மெட்ராஸ்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில ஆறு வருஷம் இருந்தேன். இங்க வந்து மூணு வருஷம் ஆவுது. அங்க ஆறு வருஷம் கத்துகினத இங்க ஆறே மாசத்துல மறந்தாத்தான் பொழைக்க முடியும்னு ஆயிடுச்சு.

தமிழ்வாணனா, அவருகிட்டதான் வரேன். டிஸ்பாட்ச்ல சூப்பர்வைசரு. புடவைய மடிச்சி பார்சல் போடற செக்ஷன். நான் சேந்த மாசம் லேட்டா வந்தவங்களுக்கெல்லாம் மெமோ குடுத்தேன். மொதல் மெமோ அவருக்குத்தான், பதினோரு நாள் லேட்டு. இருங்க, முழுசா கேளுங்க. மத்தவங்க பதில் எழுதினு வந்தாங்க. பஸ்ஸு பஞ்சர்ன்றாங்க, வழியில பாம்புன்றாங்க. வேற வேற ஊரு ஆளுங்க ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல பாம்பு. இவரு ஒரே வார்த்தை. தூங்கிட்டேன். கீழ கையெழுத்து. ஒம்போது வருஷத்துல எனக்கு வந்த ஒரே உண்மையான பதிலு அதாங்க. இன்னும் ஃபைல்ல வச்சிருக்கேன். அதுக்கப்புறமா? ஒரு நாள்கூட லேட்டு இல்ல.

பொய்யே சொல்ல மாட்டாரான்னா, அதுவும் சொல்லிடறேன். பேக்கிங்ல அருணகிரின்னு ஒருத்தரு. பெரியப்பா செத்துட்டாருன்னு மூணு நாள் லீவு போட்டாரு. துக்க வீட்டுக்குக் கம்பெனி சார்பா ஒருத்தரு போணும்னு மெட்ராஸ்ல சொல்லிக் குடுத்திருந்தாங்களா, நானு ஆளுயர ரோஜா மாலை வாங்கிகினு, வழி தெரியாதேன்னு தமிழ்வாணனையும் கூட்டிகினு பெரியப்பா ஊரு சந்தவாசலுக்குக் கெளம்பிட்டேன். வழியிலயே ரெண்டு தடவ, திரும்பிடலாம் மேடம்ன்றாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. அங்க போயி நின்னா, ஒரு பெரியவரு மாட்டுக்குப் புல்லு போட்டுகினு இருக்காரு. அருணகிரியோட பெரியப்பா வீடு இதானாங்கன்னு கேட்டேன். நான்தாம்மா பெரியப்பா, இன்னா விஷயம்ன்றாரு.

சிரிக்காதீங்க. மாலையோட நின்னவ நானு. தமிழ்வாணன் மெதுவா என் கையில இருந்து மாலைய வாங்கி, அவரு கழுத்துல போட்டு, ஊழியருங்க வீட்டுப் பெரியவங்களக் கம்பெனில கௌரவிக்கறோம் ஐயான்னுட்டாரு. பெரியவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ரெண்டு பூசணிக்கா குடுத்து அனுப்புனாரு. வரும்போது புடிச்சிகினேன். தெரிஞ்சேதான் எங்கூட வந்தீங்களான்னு. திரும்பிடலாம்னு சொன்னேனே மேடம், கூட வேலை செய்றவனக் காட்டிக்குடுக்க மட்டும் வாய் வரலன்னாரு. தனக்காகப் பொய் சொல்ல மாட்டாருங்க. அடுத்தவங்களுக்காகச் சொல்லுவாரு. அருணகிரியா? அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துல யாருமே சாகல.

குடியெல்லாம் இல்லைங்க. கோவம் வரும், பசி வந்தா. ஆனா எங்கிட்ட ஒரே ஒரு தடவதான் வந்தாரு கோவமா. போன வருஷம் வியாபாரம் டல்லு, ஒரு ஆளக் குறைக்கச் சொன்னாரு முதலாளி. மடிக்கறவங்க கணக்கப் பாத்தேன். மத்தவங்க நூறு புடவை மடிச்சா சின்னபொண்ணம்மா அறுவதுதான். அம்பத்தி மூணு வயசு. லெட்டர் டைப் பண்ணிட்டேன். இவரு ஜல்தியா உள்ள வந்தாரு, ஒரு பைய என் டேபிள்ல கவுத்தாரு. எல்லாம் சீட்டு. மடிப்புல ஜரிகை ஒடஞ்சி போச்சுன்னு கஸ்டமருங்க திருப்பி அனுப்புன புடவைங்களோட சீட்டு, மடிச்சவங்க பேரு போட்டது. இதுல சின்னபொண்ணம்மா பேரு எங்கயாச்சும் இருந்தா நானே அவங்கள அனுப்பறேன் மேடம்ன்றாரு. தேடுனேன். ஒண்ணுலயும் இல்ல. எத்தினி மடிக்கறாங்கன்னு பாத்தனே ஒழிய, எத்தினி திரும்பி வருதுன்னு பாக்கல நானு.

முதலாளிகிட்ட போயி, நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றது இருக்குதே, அதுக்கு எந்தக் காலேஜுலயும் டிரெய்னிங் இல்லைங்க. சொன்னேன். கத்துனாரு, அப்புறம் யோசிச்சாரு. இப்ப மத்தவங்களுக்கு மடிக்கச் சொல்லிக் குடுக்கறதே சின்னபொண்ணம்மாதான். யாரையும் அனுப்பல. நான் ரூம விட்டு வெளிய வந்தா, இவரு தண்ணி பாட்டிலோட நின்னுகினு இருக்காரு. அத குடுத்துட்டுப் போயிட்டாரு.

அந்த மாதிரிதாங்க, சொல்லாம செய்யறது. தீபாவளி சீசன்ல எல்லாருக்கும் ஓவர்டைம், டிஃபன் ஏழு மணிக்குத்தான் வரும். பொழுது சாஞ்சா ஜைனருங்க நாங்க சாப்பிட மாட்டோம். வீட்டுப் பழக்கம், நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, பட்டினியா இருந்துடுவேன். ஒரு நாள் பாத்தா டிஃபன் அஞ்சரைக்கே வந்து நிக்குது. அன்னைலருந்து தெனமும் அஞ்சரை. கடைக்காரரு மாத்திட்டாரு மேடம்ன்றாரு இவரு. கடைக்காரரக் கேட்டா, உங்க சூப்பர்வைசர்தான் நச்சரிச்சி பேஜார் பண்ணாருன்றாரு.

ஆங், கேளுங்க, தயங்காதீங்க. பொண்ணப் பெத்தவரு கேக்காம யாரு கேப்பாங்க. லவ்வு கிவ்வா? இருக்குதுங்க. இந்த ஆபீஸ்லதான்.

என்னத்தாங்க.

காபி ஆறுது பாருங்க, குடிங்க. போன திங்கக்கெழம, கட்டிக்கலாமான்னு கேட்டாரு. டைம் கேட்டேன். வியாழக்கெழம சரின்னுட்டேன். தரகர்கிட்ட போட்டோ குடுத்தது அவங்கம்மா, இவருக்கே தெரியாது. தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கி ஞாயித்துக்கெழம, அவரு அவங்கம்மாகிட்ட சொல்றாரு, நானு எங்கப்பாகிட்ட சொல்றேன். நீங்க உள்ள வந்ததும் ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பியிருக்கலாம், எனக்கும் தெரியுது. ஆனா ஒரு அப்பா எதிர்ல உக்காந்து இவரப் பத்தி எப்படிப் பேசறதுன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்லாம இருந்தேன், நீங்களே வந்து உக்காந்துட்டீங்க.

டிஃபன் விஷயம் சொன்னப்ப டக்குனு நிமிந்து என் மூஞ்சியப் பாத்தீங்க இல்ல. எங்கப்பாவும் அங்கதான் கண்டுபுடிப்பாரு. நாளைக்கி அத மொதல்லயே சொல்லிடறேன்.