எப்போது கிளம்புகிறீர்கள்?

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், எங்கள் தெருவின் காய்ச்சலையெல்லாம் கனிவோடு தணிக்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பாதி வேலையை அடுப்படியில் விட்டுவிட்டு மீதி மனத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்றால்தான் காது கேட்கும் என்று நிற்கும் தம்பிமார்களே! அந்தத் தம்பிமார்களுக்கும் பின்னால், சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டிருக்கும் இந்தப் பாராட்டு விழாவின் நாயகரே, என் அப்பாவே! அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

சிரிக்காதீர்கள், உண்மையாகவே நடுங்குகிறேன். வகுப்பில் "உள்ளேன்" என்று சொல்வதற்கே நாலு முறை எச்சில் விழுங்கியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதற்காக, "படிச்ச பொண்ணு, நன்றியுரையை நீயே சொல்லிடும்மா" என்று மேடையேற்றிவிட்டார்கள். நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால், நாலு மாதமாக வீட்டுக்குள் என்னால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதை இந்த மைக் முன்னால் சொல்லிவிட்டுப் போகிறேன், பொறுத்தருளுங்கள்.

அப்பாவுக்காகப் போட்ட நாற்காலி இதோ காலியாக இருக்கிறது. மூன்று முறை அழைத்தார்கள். "இல்லீங்க, நிக்கிறேன். பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டார். பனியில் நின்றவர், பகலில் நின்றவர், பசியில் நின்றவர், பாரம் சுமந்து நின்றவர். இருபத்திரண்டு ஆண்டுகள் நின்ற கால்களுக்கு உட்காரத் தெரியவில்லை.

தலைவர் ஐயா சற்றுமுன் மகிழ்ச்சியோடு அறிவித்தார்: "ராணுவத்துலேர்ந்து வந்து நாலே மாசம். அதுக்குள்ள நம்ம சாருக்கு வெளியூர்ல கிடங்குக் காவல் வேலை கிடைச்சிடுச்சு. திங்கட்கிழமை கிளம்புறார்!" எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அம்மா தட்டினாரா? யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

போர்வீரன் என்றால் நமக்கு என்ன நினைவு வருகிறது? துப்பாக்கி வரும், தொப்பி வரும், அணிவகுப்பு வரும். எனக்கு இனிமேல் ஒரு இஸ்திரிப் பெட்டிதான் நினைவு வரும். போன மாதம், என் பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள், என் உடைக்கு அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மலையுச்சியில் ஒரு காவல் கொட்டகை. இரண்டே ஆள். கூட இருந்தவருக்கு மூச்சு முட்டி, கீழே தூக்கிப் போய்விட்டார்கள். அதன்பின் மாற்று ஆள் ஏறிவரப் பனி வழிவிடவில்லை. பத்தொன்பது நாள் அப்பா தனியே இருந்திருக்கிறார்! மணிக்கொரு முறை வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்கும்: "நிலவரம்?" அப்பா சொல்வார்: "எல்லாம் நலம்." மறுபடி கேட்கும். மறுபடி, எல்லாம் நலம்.

"தனியா இருக்க முடியலன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமேப்பா?"

"அவங்க கேட்டது எல்லை நிலவரம்மா. என் நிலவரம் இல்ல."

பதினெட்டாம் நாள், அந்தக் குரல் பேச்சை முடிக்கும் முன்னால் கொஞ்சம் தயங்கி, "சாப்டியா?" என்று கேட்டதாம். "அதுக்கு மட்டும் எனக்குப் பதில் வரலம்மா" என்று சொல்லிவிட்டு, உடையில் ஏற்கெனவே தேய்த்த கைப்பகுதியையே மறுபடி தேய்த்தார்.

அங்கே அப்படி. இங்கே எப்படி? அதையும் சொல்கிறேன். அப்பா, இது உங்களுக்கு இன்றுதான் தெரியப்போகிறது.

நான் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படையலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "படிடி" என்றார் அம்மா. எழுத்துக்கூட்டிப் பெருமையாக உரக்கப் படித்தேன். "தங்கள்... கணவரின்..." அடுத்த சொல்லின் முன்பாதி மேலேயே வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு 'க்' மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எழுத்துப்பிழை போலும் என்று அதைத் தள்ளிவிட்டேன். "காலம்... முடிந்தது."

கணவரின் காலம் முடிந்தது!

அம்மா அழவில்லை, ஐயா. சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு யார் யாரோ அழுதார்கள். என் வாயால் என் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் நன்றாகப் படித்ததற்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது உள்ளே வந்தவர், இதோ முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறாரே, நம் தபால்கார ஐயா. கூச்சப்படாதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். கொடுத்த கடிதத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று திரும்பி வந்தவர், தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஏய் குட்டி, இந்த 'க்' சும்மாவா வந்து நிக்கும்? முன்னாடி ஏதோ ஒளிஞ்சிருக்கு பாரு... ப, ணி... பணிக்காலம்! அடிப்பாவி, பணிக்காலம் முடிஞ்சுது, இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்சிருக்காங்க! ஆளு கல்லு மாதிரி இருக்காரு, எல்லாரும் எழுந்து போங்க!"

ஒரு மெய்யெழுத்து ஓர் உயிரை மீட்டது, பெரியோர்களே! அன்று மாலை அம்மா என் காதைத் திருகிச் சொன்னார்: "இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் முழுசா படிக்கணும். அதுக்கு எவ்வளவு படிக்கணுமோ அவ்வளவும் படி." என் பட்டம் அந்தத் திருகலில் தொடங்கியது. அப்பாவுக்கு அன்றைக்கே பதில் எழுதினோம். அம்மா சொல்ல, நான் எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? "இங்கே எல்லாம் நலம்."

அந்தப் பக்கமும் எல்லாம் நலம். இந்தப் பக்கமும் எல்லாம் நலம். இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொண்டோம்.

சரி, இப்போதுதான் வந்துவிட்டாரே என்கிறீர்களா? வந்துவிட்டாரா? நம் தெருப் பிள்ளைகள் அவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? ஆமாம், பின்னாலிருந்து சரியாகச் சொன்னீர்கள், "லீவு மாமா". தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறார். அவர் துணிக்காக அம்மா அலமாரியில் இரண்டாவது தட்டைக் காலி செய்து வைத்தார். துணிகள் இன்னும் இரும்புப் பெட்டியிலேயே இருக்கின்றன. போன வாரம் நண்பரிடம் தொலைபேசியில், "அவங்க வீட்லதான் இருக்கேன்" என்றார். நம்ம வீடு என்று சொல்லவில்லை. அவங்க வீடு!

இந்தக் கிடங்கு வேலை எதற்கு? ஓய்வூதியம் வருகிறது; எங்கள் உலையும் கொதிக்கிறது. பிறகு எதற்கு? பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், முடிவெட்டப் போனால் கேட்கிறார்கள்: "எப்ப வந்தீங்க சார்? எப்ப கிளம்புறீங்க?" விடுப்பில் வந்த காலத்தில் அன்பாகக் கேட்டுப் பழகிய கேள்வி. உங்களைக் குறை சொல்லவில்லை. முதலில் கேட்டவள் நான்தான். நாலு மாதத்துக்கு முன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றவரிடம், வாய் தவறி, "எத்தனை நாள்ப்பா?" என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய மனிதர் அவர். அந்தக் கேள்விக்குத்தான் திங்கட்கிழமை என்று ஒரு பதிலைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

அப்பா! அன்று பாதி படித்தவள், இன்று முழுதாகப் படிக்கிறேன். நீங்கள் கொண்டுவந்த ஓய்வுக் கடிதம் என் கையில் இருக்கிறது. முத்திரை ஓரமாகத்தான் குத்தியிருக்கிறது; ஓர் எழுத்தும் மறையவில்லை. "பணிக்காலம் முடிந்தது." நீட்டிப்பு என்று ஒரு சொல் இதில் எங்குமே இல்லை. போகாதீர்கள்ப்பா. உங்களைக் கிளம்பச் சொல்லி இனி யாரும் ஆணையிட முடியாது. நாங்கள் கேட்டதும் ஆணை இல்லை. கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டோம்.

தெருவோரே, நாளைக் காலை அவரைப் பார்த்தால் வேறு ஏதாவது கேளுங்கள்...

யார் அது? பால்கடை அண்ணனா? நாளை வரைக்கும் பொறுக்க மாட்டீர்களா? மைக்கில் கேட்கட்டும், இன்னொரு முறை சொல்லுங்கள். "சார், சாப்டீங்களா?"

கைதட்டாதீர்கள், தயவுசெய்து ஒரு நிமிடம். அப்பா பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வழிவிடுங்கள் தம்பிகளே, அவர் வரட்டும். மேடைக்கு வேண்டாம்ப்பா. அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறது.

உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவிடம் ஏதோ கேட்கிறார். என்னம்மா கேட்கிறார்? "அந்த ரெண்டாவது தட்டு இன்னும் காலியாவா இருக்கு?" என்றா?

காலியாகத்தான் இருக்கிறதுப்பா. நாலு மாதமாக.

தலைவர் ஐயாவுக்கும், அன்று ஒளிந்திருந்த எழுத்தைக் கண்டுபிடித்த தபால்கார ஐயாவுக்கும், இன்று சரியான கேள்வியைக் கேட்ட அண்ணனுக்கும், என் நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கீழே இறங்கி, எங்கள் வீட்டார் பக்கத்தில் போய் உட்காருகிறேன். வணக்கம்.